கண்ணை மூடி யோசித்தவர்

மொரோக்கோப் பாலைவனத்தில் என் மைத்துனன் தோற்றதற்கு நான்தான் காரணம். ஒஸ்லோவில் இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் இதற்கு நேர்மாறானது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. லொறி ஓட்டுவது அவனுடைய தொழில். பனிக்காலத்தில் மலைகளைத் தாண்டி வடக்கே போய் மீன் ஏற்றி வருவான். யாழ்ப்பாணத்தில் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன். நான் அங்கே புவியியல் ஆசிரியனாக இருந்தேன். நாங்கள் இருக்கும் ஒஸ்லோப் புறநகரான ரொம்சோசில் எங்கள் ஆட்கள் கூடும் எந்த வீட்டிலும் என்னை மாஸ்டர் என்பார்கள். அவனை மாஸ்டரின் மச்சான் என்பார்கள். யாருடைய பிள்ளை மருத்துவம் படிக்கிறது, யாருடைய பிள்ளை பொறியியல் படிக்கிறது என்று கதைத்து முடித்த பிறகு நேரம் மிஞ்சினால் அவனிடம் டீசல் விலை கேட்பார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு நாள் அவன் இராணுவம் கழித்துவிட்ட பழைய லொறி ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்து எங்கள் குடியிருப்பின் தரிப்பிடத்தில் நிறுத்தினான். அது பக்கத்துக் கார்களுக்கு வெயிலை மறைத்தது. குடியிருப்புச் சங்கத்தார் வந்து, இது எப்போது இங்கிருந்து போகும் என்று கேட்டார்கள். சித்திரை மாதம் மொரோக்கோவுக்குப் போகும் என்று அவன் நல்ல நோர்வேஜிய மொழியில் பதில் சொன்னான். தங்களைக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அவன் சொன்னது உண்மை. அங்கே பாலைவனத்தில் சில நாட்கள் லொறிப் போட்டி நடக்கும். எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கும் அதில் ஒரு பிரிவு உண்டு. அவன் முதலாவதாக வர ஆசைப்படவில்லை. கடைசி நாள், நேரம் முடிவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியவர்களுக்கு ஒரு சிறிய பித்தளைத் தகடு கொடுப்பார்கள். அதைப் பூட்டுவதற்கு லொறியின் முன்பலகையில் அவன் முன்கூட்டியே துளைகள் போட்டு வைத்திருந்தான்.

ஒரு வண்டியில் மூன்று பேர் இருக்க வேண்டும். ஓட்டுவது அவன். இயந்திரம் பார்க்க, கோயம்புத்தூரிலிருந்து ஒஸ்லோவுக்கு வேலைக்கு வந்த கணினிப் பொறியாளர் ஒருவர் சேர்ந்தார். லொறியைப் பார்க்க வந்தவர், அதற்கு அடியில் போய்ப் படுத்தார், பிறகு எங்களை விட்டுப் போகவேயில்லை. மூன்றாவது ஆள் வழி சொல்ல வேண்டும்.

"படம் பாக்கத் தெரிஞ்ச ஆள் எங்கடை குடும்பத்திலை நீங்கள்தான் அத்தான்," என்றான் மைத்துனன்.

கரும்பலகையில் உலகப்படம் கீறியது தவிர எனக்கு வழி சொன்ன அனுபவம் இல்லை. இதோடு ஊரறிந்த இன்னொரு குறையும் உண்டு. வேலை முடிந்து நிலக்கீழ் ரயிலில் ஏறினால் நித்திரையாகிவிடுவேன். ரொம்சோசில் இறங்க வேண்டியவன் கடைசி நிலையமான வெஸ்ட்லியில் எழும்புவேன். என் மனைவி தம்பியிடம், "இவரையோ கூட்டிக்கொண்டு போறாய்?" என்று கேட்டாள். அக்காவின் கணவரைக் கேட்காமல் வேறு ஆளைக் கேட்பது எப்படி என்பது அவனுடைய சங்கடம். மறுப்பது எப்படி என்பது என்னுடைய வீம்பு.

மாசி, பங்குனி மாதங்களில் ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு கல்லுடைக்கும் இடத்தில் பனிக்குவியல்களின் மேல் ஓடிப் பழகினோம். பாலைவனத்துக்குப் பனியில் பழகிய ஒரே அணி எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் மொரோக்கோவில் மணல் மேட்டில் முதல்முறை ஏறி இறங்கியபோது அவன் சிரித்தான்.

"இது சுடுற பனி அத்தான். வேறை ஒண்டும் இல்லை."

உண்மையிலேயே அருமையாக ஓட்டினான். சில்லுகளில் எவ்வளவு காற்று விட வேண்டும், எங்கே பிரேக்கைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவன் கைகாலுக்குத் தெரிந்திருந்தது. பெரிய அணிகளின் ஆட்களே மாலையில் வந்து அவனோடு கை குலுக்கினார்கள்.

என் வேலை இலகுவானது. வழி முழுவதும் சிறு சிறு படங்களாக, தூரக் கணக்கோடு, ஒரு நீளத் தாளில் வரையப்பட்டு, ஒரு பெட்டிக்குள் சுருளாக இருக்கும். ஒவ்வொரு சந்தி தாண்டியதும் குமிழைத் திருகினால் அடுத்த படம் வரும். படம் இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். முதல் நாட்களில் நான் படத்தைப் பார்த்ததைவிட முன்னால் போன லொறிகளின் புழுதியைப் பார்த்ததுதான் அதிகம். புழுதி போன பக்கம் கையைக் காட்டுவேன். "மாஸ்டர் எண்டால் மாஸ்டர்தான்," என்று மைத்துனன் மகிழ்ந்தான்.

கடைசி நாள் காலை எல்லோருக்கும் முன்னே எழும்பி அவன் புட்டு அவித்தான். அத்தானுக்குக் காலையில் பாண் இறங்காது என்பதற்காக ஒஸ்லோவிலிருந்து மாவும் அவிக்கிற நீத்துப்பெட்டியும் கொண்டு வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரர் ஒரு பிடி எடுத்துவிட்டு, "சார், இதச் சாப்பிட்டு எப்படிங்க முழிச்சிருக்கறது?" என்று கேட்டார். நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

நேரம் தாராளமாக இருந்தது. சமதரை. வெயில். இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்தது. நான் நித்திரையாகிவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் விழித்தபோது முன்னால் இரண்டாகப் பிரியும் ஒரு கவர்பாதை. வண்டி மெதுவாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் நேரே பார்த்தபடி இருந்தார்கள். நான் தூங்கியதை அவர்கள் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

"அத்தான், இதிலை எங்காலை?" என்றான் மைத்துனன், வழக்கமான குரலில்.

பெட்டியைப் பார்த்தேன். அதிலும் ஒரு கவர்பாதை. அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது.

"இடம்," என்றேன்.

நான் தூங்கியபோது குமிழைத் திருக யாரும் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் எப்போதோ தாண்டிவந்த சந்தியினுடையது. அவர்கள் தடங்களைப் பார்த்துத் தாங்களாகவே ஓடி வந்திருந்தார்கள்.

"சார், எல்லாத் தடமும் வலதுலதான் போகுதுங்க," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"முன்னாலை போனவை எல்லாரும் சரியான வழியாலை போனவை எண்டு ஆர் சொன்னது?"

இதைச் சொன்ன கணத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தூரம் காட்டும் மானியை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் தூங்கியது வெளிவந்துவிடும்.

மைத்துனன் வலப்பக்கத் தடங்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஓம் அத்தான்," என்று இடப்பக்கம் திருப்பினான்.

வெகு தூரம் போகவில்லை. வற்றிப்போன ஏரி ஒன்றின் காய்ந்த மேலோடு உடைந்து, லொறி அச்சு வரை புதைந்தது. மண்வெட்டிகளை எடுத்துக் கிண்டத் தொடங்கினோம். அவர்கள் இருவரும் ஒரு பக்கம், நான் மறுபக்கம். இடையில் சில்லு.

"அண்ணே, சார் தூங்கும்போதே எழுப்பியிருக்கணும்ணே. நான்தான் அப்பவே சொன்னேன்."

"ஆர் நித்திரை கொண்டது?" என்றான் என் மைத்துனன். "அவர் கண்ணை மூடி யோசிச்சவர். நீ கதையாமல் கிண்டு."

"யோசிக்கறவங்க குறட்டை விடுவாங்களாண்ணே?"

"ஆழமா யோசிச்சால் வரும்."

பந்தயத்தில் ஓடுகிற லொறிக்குள் வழிகாட்டி குறட்டை விடுகிறான், அவனை எழுப்புவது மரியாதை இல்லை என்று இரண்டு வளர்ந்த மனிதர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். இதை வெள்ளைக்காரரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். எங்கள் ஆட்களிடம் சொன்னால், பிறகென்ன, அத்தானை எழுப்புவதா என்பார்கள். எனக்குச் சில்லின் மறுபக்கம் எல்லாம் கேட்டது. எழும்பிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக இன்னும் வேகமாகக் கிண்டினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லைக்கோட்டின் மேல் காற்று ஊதி நிறுத்தியிருந்த வளைவை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒரு ஆள் அதன்மேல் முழங்காலில் நின்று காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மைத்துனன் வளைவு நின்ற இடத்தின் மேலால் மெதுவாக ஓட்டிப்போய் நிறுத்தினான். இறங்கினான். அந்த ஆளுக்கு வளைவைச் சுருட்ட உதவினான். நான் லொறிக்குள்ளேயே இருந்தேன்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஒரு பகிடியாகச் சொல்லித் திரிந்திருப்பேன்.

திரும்பி வந்து சில வாரங்களில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். ஒருவர் என்னிடம், "மாஸ்டர் கூட இருந்துமோ வழி பிழைச்சது?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"நான் வலப்பக்கம் எண்டுதான் சொன்னனான்," என்றேன். "அவன் மாறித் திருப்பிப்போட்டான்."

மைத்துனன் ரோல்ஸ் தட்டோடு என் பின்னால் நின்றான். எனக்குத் தெரியாது.

"ஓம், நான்தான் மாறித் திருப்பினனான்," என்று சொல்லி, என்னிடம் தட்டை நீட்டினான். "அத்தான், சூடா இருக்கு, எடுங்கோ."

"லொறி ஓடத் தெரியும், இடம் வலம் தெரியாது," என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, வெளியே போக வாசலில் சப்பாத்தைப் போடப் போனார். நான் ரோல்ஸ் எடுத்தேன்.

அடுத்த வருடம் மைத்துனன் வீட்டுக்கு வந்து, தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தான். கடைசியில், "இந்த முறையும் வாறியள்தானே அத்தான்?" என்றான். நான் ஓம் என்றால் அவனுக்கு இந்த முறையும் தகடு இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

"முழங்கால் நோ," என்றேன்.

"நேற்றுவரைக்கும் இல்லாத நோ," என்றாள் என் மனைவி.

"ஐயோ, கவனமா இருங்கோ அத்தான்," என்று சொல்லி, ஆறிப்போன தேநீரை ஒரே இழுவையில் குடித்து முடித்தான். அவன் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

எனக்குப் பதிலாக, ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் திராமனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் வழி சொன்னாள். பிழையென்றால் யார் எவர் என்று பார்க்காமல் பிழை என்பவள். நேரத்தோடு எல்லையைத் தாண்டினார்கள். அதைக் கொண்டாட அதே மண்டபத்தில் கூடினோம். முன் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழும்பி, "போன முறை மாஸ்டர் சொன்னதைக் கேளாமல் கெட்டவன். இந்த முறை பாடம் படிச்சிட்டான்," என்றார்.

மேடையில் நின்ற மைத்துனன் என் பக்கம் பார்த்தான். காத்திருந்தான் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் எழும்பி ஒரு வசனம் சொல்ல நேரம் இருந்தது.

"ஓம்," என்றான் அவன். "அத்தானிட்டைப் படிச்சதுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.