அம்மா ஊற்றிய தண்ணீர்

அம்மாவின் ஓராண்டுப் பூசைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் மூத்த மகளின் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இந்தக் கட்டுரையை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். பிழை வந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. அம்மாவைப் பற்றி எழுதினால் ஒரு காரியத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. அதை எழுதினால் இன்னொரு தாயின் மனம் நோகுமோ, ஒரு பிள்ளை எங்களை வெறுத்துவிடுமோ என்றுதான் அந்தப் பயம்.

அம்மா தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். தாத்தா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஞானோபதேச வகுப்புக்கு ஒரு நாளும் தவறமாட்டாராம். பதினாலு வயதில் கொழுந்துக் கூடை மாட்டினார். இருபதில் அப்பாவைக் கலியாணம் செய்து ஹட்டன் பக்கத்தில் இப்போது நாங்கள் இருக்கும் தோட்டத்துக்கு வந்தார். அட்டைக் கடியும் பனியும் பட்ட கால்களோடு முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தார். யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஆனால் அம்மாவுக்குச் சிரித்த முகம் என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குள் எப்போதும் ஒரு பதற்றம் இருந்தது. அது எனக்கும் வந்திருக்கிறது.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு அடுத்துப் பிறந்த தம்பி மூன்றாம் நாள் இறந்தான். அந்த வாரம் மழை. பங்குச் சாமியார் வரமுடியவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று சொல்லி, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, தேயிலை ஓரமாக அடக்கினார்கள். ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அம்மா வகுப்பில் படித்திருந்தார். அதுதான் அவரை உள்ளே அரித்தது.

“எனக்குத் தெரியும்டி, பெரியவளே. தெரிஞ்சிருந்தும் தூங்குறான்னு நெனச்சுப் பக்கத்துலயே படுத்துக் கெடந்தேன்” என்பார்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருந்த பாக்கியம் சித்திக்குப் பிரசவ வலி நாள் முந்தி வந்துவிட்டது. சித்தி குடும்பம் மாரியம்மன் கோயில் குடும்பம். சித்தப்பா திருவிழாவில் காவடி எடுப்பவர். அன்று அவர் வேலைக்கு மேல் மலைக்குப் போயிருந்தார். தோட்டத்து மருத்துவிச்சியும் அடுத்த டிவிசனில் இருந்தார். காலை பத்து மணிக்கு லயத்திலேயே பெண் பிள்ளை பிறந்தது. அழுதது, ஆனால் பூனைக்குட்டி மாதிரி. சித்திக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கொழுந்து லொறியில் சாக்குகளைப் பரப்பிச் சித்தியைப் படுக்கவைத்தோம். அம்மா பிள்ளையைத் தன் சேலைக்குள் பொத்திக்கொண்டார். நான் சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் மழைக்கு மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. டிரைவர் அண்ணனும் இன்னும் நாலு பேரும் இறங்கி மண்வெட்டியால் தள்ளினார்கள்.

“அண்ணே, எம்புட்டு நேரமாகும்?” என்று அம்மா கத்தினார்.

“என்னத்தச் சொல்ல! தள்ளத் தள்ள மேலருந்து எறங்குதே!”

சித்தி கண்ணை மூடிவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது. அப்போது அம்மா சேலையை விலக்கிப் பார்த்தார். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. அம்மா உள்ளங்காலைத் தட்டினார், முதுகைத் தேய்த்தார், வாயில் ஊதினார். அசைவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் கண்ணுக்கு முன்னால் இருந்தது சித்தியின் பிள்ளை மட்டும் அல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

“போத்தலக் குடு” என்றார்.

சித்திக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் அது, மழையில் சில்லிட்டிருந்தது. அம்மா பிள்ளையின் நெற்றியில் மூன்று தடவை ஊற்றினார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொன்னார். மூன்றாம் தடவை தண்ணீர் பட்டதும் பிள்ளை உடம்பை உதறி ‘வீல்’ என்று கத்தியது.

“பொழைச்சிருச்சுடோய்!” என்று வெளியே நின்றவர்கள் கத்தினார்கள்.

பாதை திறந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. தண்ணீர் தெளித்து உயிர் கொடுத்தவள் என்று அம்மாவைத் தோட்டமே கொண்டாடியது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்றாலும் அதே பேச்சு.

“ஒங்க கைராசியே ராசிங்க. நம்ம லயத்துக்கே இனி டாக்டரம்மா நீங்கதான்” என்று கேலி செய்வார்கள்.

ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அம்மா குனிந்துகொண்டே போவார். லொறியில் அம்மா சொன்ன வார்த்தைகளைக் கேட்டது நான் மட்டும்தான். “வாயத் தொறந்துறாத” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். இந்து வீட்டுப் பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிட்டாள் என்று பேச்சு வந்தால், லயத்தில் நாங்கள் இருக்க முடியுமா? எங்களை விடுங்கள். சாமி கும்பிடும் வீட்டுக்கும் பூசைக்குப் போகும் வீட்டுக்கும் நடுவில் அதுவரை ஒரு சுவர்தான் இருந்தது. அது வேறு மாதிரிச் சுவராகிவிடாதா?

முப்பதாம் நாள் பெயர் வைக்கும்போது பிள்ளையை அம்மாதான் ஏந்திக்கொள்ள வேண்டும் என்று சித்தப்பா வந்து கூப்பிட்டார். மறுநாள் அம்மா பங்குச் சாமியாரிடம் போனார். நானும் கூடப் போனேன்.

சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். “நீ செஞ்சது செல்லும். அழிக்க முடியாது. ஆனா பெத்தவகிட்ட மறைச்சு வச்சா அது களவு மாதிரி. போய்ச் சொல்லு.”

“சொன்னா என்னைய மன்னிப்பாளா சாமி?”

“அது அவ இஷ்டம். மாதா தன் புள்ளை ஏசுவ கோயில்ல ஒப்புக்குடுத்தப்ப, திருப்பி வாங்கிக்கவா குடுத்தா? இனி நீ இந்தப் புள்ளைக்கு ஞானத்தாய். ஞானத்தாய்ன்னா புள்ளையப் பூசைக்கு இழுத்துட்டு வர்றவ இல்ல. அவளுக்காக முழங்கால்ல நிக்கிறவ. ஒன் சொந்தப் புள்ளையப் பத்தியும் சொல்றேன், கேளு. ஆண்டவர் அந்த வேலிக்கு உள்பக்கம் மட்டும் நிக்கிறவர் இல்ல.”

வீடு வரும்வரை அம்மா வழியெல்லாம் அழுதார்.

அன்று மாலை அம்மா அடுத்த காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சுவருக்கு மேலே கூரை வரை திறப்புதான். எல்லாம் எனக்குக் கேட்டது. அம்மா சொல்லி முடித்ததும் சித்தியின் குரல் வந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா.”

“நீ கண்ண மூடிட்டியே பாக்கியம்.”

“மூடுனா? நான் செத்தா போயிட்டேன்?”

அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார். சித்தி அதை யாரிடமும் சொல்லவில்லை, சித்தப்பாவிடம்கூட. ஆனால் பெயர் வைத்த அன்று அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதோ சொல்லிப் பிள்ளையைத் தன் அண்ணியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குழாயடியில் அம்மாவைக் கண்டால் குடத்தைப் பாதியோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அம்மா ஒரு நாளும் நியாயம் பேசப் போகவில்லை. விடியும்முன் எழும்பி, மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று பிள்ளைகள் எங்கள் நாலு பேர் பெயரோடு, சித்தி பிள்ளைக்கு வைத்த பெயரான தர்ஷினி என்றும் சேர்த்துச் சொல்வார். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடுமோ என்று நான் நடுங்குவேன்.

கேட்டுத்தான் இருக்கிறது. ஒரு நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. சித்தி இடுப்பில் பிள்ளையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தெனமும் இவ பேரச் சொல்றீங்கல்ல? வாங்க ஆஸ்பத்திரிக்கு. ஒத்தையில போகப் பயமா இருக்கு.”

அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

தர்ஷினியைப் பூசைக்கு வா என்று அம்மா ஒருபோதும் கூப்பிடவில்லை. தைப்பொங்கலுக்கு அவளுக்குச் சட்டை எடுத்தார். அவள் பரீட்சைக்குப் போகும் நாட்களில் நோன்பிருந்தார். கோயிலில் அவள் கழுத்தில் தாலி ஏறும்போது பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்தார். தாய்மை என்றால் என்ன என்று பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உரிமை கேட்காமல் ஒரு பிள்ளைக்காகப் பயப்படவும், அந்தப் பயத்தை ஆண்டவர் கையில் கொடுத்துவிட்டு எழும்பி வேலைக்குப் போகவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கடைசி நாட்களில் இரத்தத்தில் சீனி கூடி, அந்தச் சீனி வருத்தத்தால் அம்மாவின் பார்வை மங்கிவிட்டது. “எனக்குப் பொறகு தர்ஷினிகிட்ட சொல்லிரு. தெரியாமலே அவ இருக்கப்படாது” என்றார். சரி என்றேன். அம்மா போய்ப் பதினொரு மாதம் என்னால் முடியவில்லை. கடைசியில் பாக்கியம் சித்தியிடம் கேட்டேன். “அவகிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வராது” என்றார்.

தலவாக்கலையில் தர்ஷினி வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் மலரில் இதை எழுதலாமா என்றும் கேட்டேன். அவள் மடியில் அவளுடைய கைக்குழந்தை. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“என் புள்ளைக்கு யாராச்சும் இப்படிச் செஞ்சா நான் சும்மா விடமாட்டேன்க்கா.”

“சரிதான்மா.”

“பெரியம்மா ஏன் எங்கிட்டச் சொல்லல? சொன்னா நான் கேட்டிருக்க மாட்டேனா?”

நான் தேத்தண்ணீரையும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவின் வார்த்தையைக் காப்பாற்றப் போய் அம்மாவின் பிள்ளையைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நாலாம் நாள் போன் வந்தது.

“அக்கா, எழுதுங்க. மறைச்சீங்கன்னா அது தப்பாவே நின்னுரும். எனக்கு இன்னும் கோவம்தான். நான் கும்புடுற சாமியையும் மாத்தமாட்டேன், அதையும் எழுதுங்க.” அழுத குழந்தையைச் சமாதானப்படுத்திவிட்டுக் கேட்டாள். “புள்ளைங்க பேர் போடுற பக்கம் ஒன்னு இருக்கும்ல? அதுல யாரு யாரு?”

எங்கள் நாலு பேர் பெயரையும் சொன்னேன்.

“கடைசித் தம்பிக்குக் கீழ ஒரு வரி எடம் விடச் சொல்லுங்க.”

அம்மாவை நோயில் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், அன்று மண்ணில் இறங்கி நின்ற டிரைவர் அண்ணனுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த சாமியாருக்கும், கல்லறைக்கு அம்மாவைத் தோளில் சுமந்த மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளைகளுக்கும், எல்லோருக்கும் மேலாகப் பாக்கியம் சித்திக்கும் எங்கள் நன்றி. எங்கள் அம்மாவுக்கு நாலு பிள்ளைகள் என்றுதான் நீங்கள் அறிவீர்கள். இம்மலரின் கடைசிப் பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருக்கும். அது அச்சுப் பிழை அல்ல.