வாசலில் ஒரு சாவ்தான்

வெள்ளைச் சட்டையைக் கழற்றி நீலச் சட்டையை மாட்டிக்கொள்ளச் சக்கரவர்த்திக்குக் கண்மூடித் திறக்கும் நேரம் போதும். தெருமுனையில் அரசாங்க ஜீப் தலைகாட்டினால், கையிலிருக்கும் மருந்துத் தட்டைத் துளசி சிஸ்டரிடம் நீட்டிவிட்டு மாடிப்படிக்கு அடியில் நுழைவார். வெளியே வரும்போது தோளில் ‘செக்யூரிட்டி’ என்று தைத்திருக்கும். தொப்பியும் விசிலும் அங்கேயே ஆணியில் தொங்குகின்றன. ஜீப் வாசலுக்கு வரும்போது கேட்டைத் திறந்து பிடித்தபடி ஒரு சல்யூட் வைப்பார். அந்தச் சல்யூட்டில் மயங்காத அதிகாரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் பார்ப்பது எதிர்ப்பக்கத்திலிருந்து. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைத் தரகர்கள் வெளியூர்க் கார்களைத் துரத்திக்கொண்டு ஓடும் ஒரு தெருவில், அவர் வேலை பார்க்கும் நர்சிங் ஹோமுக்கு நேர் எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லாவில் உட்கார்ந்தால் அவர்கள் வாசல் முழுக்கத் தெரியும். மறைத்துக்கொள்ள அவர்களும் பெரிதாக முயன்றதில்லை.

ஜீப் வராத நாட்களில் சக்கரவர்த்தி உள்ளே நர்ஸ் வேலைதான் பார்த்தார். பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் பார்த்ததும் அதே வேலை. லக்னோவில் பயிற்சி, அப்புறம் லடாக், தேஜ்பூர், பதான்கோட் என்று பட்டாள ஆஸ்பத்திரிகள். ஹவில்தாராக ஓய்வுபெற்று ஊர் வந்தால், தமிழ்நாட்டில் அவர் நர்ஸ் இல்லையாம். பதிவு இல்லாதவர் ஊசியைத் தொடக் கூடாது. நீலச் சட்டைக்கு மட்டும் யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரர் என்றால் கேட்டில் நிற்கத் தெரியும் என்று நாடே கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது.

அடக்கமான மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நோயாளியின் கட்டிலில் சொந்தக்காரர் உட்கார்ந்தால் கத்துவார். பார்க்க வருகிறவர்கள் மடித்துக் கொண்டுவரும் பஜ்ஜியைப் பறிமுதல் செய்வார். போர்வையின் நாலு மூலையும் கத்தி மாதிரி மடிந்திருக்க வேண்டும், நோயாளி உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தாலும் சரி. ஊசி போடும் முன் வார்டே அதிர “சாவ்தான்!” என்பார். பட்டாளத்தில் விறைத்து நிற்கச் சொல்லும் கட்டளை அது. போட்டு முடித்துப் பஞ்சை வைத்து “விஷ்ராம்” என்பார். தளர்ந்து நில் என்று அர்த்தம். முதல் தடவை கேட்டவர்கள் பயந்து அலறியதுண்டு. போகப்போக, அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கை தானாகச் சட்டையை மடித்துவிடும் அளவுக்கு ஊரைப் பழக்கிவிட்டார்.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வாராவாரம் சத்து ஊசிக்கு வரும் கிருஷ்ணவேணி அதற்குச் சாட்சி. பட்டு நூல் முறுக்கேற்றும் இடத்தில் நின்றுகொண்டே வேலை செய்து கால் மரத்துப்போனவர். “அந்த மனுசன் சொல்ற சத்தத்துல உசுரு ஒரு நொடி நின்னுபூடுதுமா. நின்ன நேரத்துல குத்திடறாரு. எங்க வலிக்கிது?” என்பார்.

சக்கரவர்த்தி மாகறல் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவர். பொழுது சாய்ந்தால் வாயில் ஒன்றும் படாது. லடாக்கிலும் அப்படித்தானாம். “மெஸ்ஸு ராத்திரிதான் தெறக்கும். எனக்கு மட்டும் வெளிச்சத்துலயே ரொட்டி குடுத்துருவான் குக்கு. அவனுக்கு ஊசி போடறவன் நானு. குடுக்காம இருந்துருவானா?” என்று மீசையைத் தடவிக்கொள்வார். பொய் சொல்லக் கூடாது என்பது இன்னொரு விரதம். “அப்ப அந்த நீலச் சட்டை?” என்று ஒருநாள் மடக்கினேன்.

“சட்டைதான்மா சொல்லுது. நான் வாயத் தொறந்து வாட்ச்மேன்னு சொல்லிக்கிறேனா? சல்யூட்டுதான அடிக்கிறேன்.”

இப்படி ஒரு விரதத்தை நானும் எடுத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பதிவுக்கு அவர் விண்ணப்பிக்காமல் இல்லை. பட்டாளப் பயிற்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பதிவு தாருங்கள் என்று எழுதினார். அவருடைய சான்றிதழ்களை நகலெடுத்து நகலெடுத்து என் மெஷினுக்கே மனப்பாடம். நர்ஸ்களுக்குப் பதிவு தரும் சென்னை அலுவலகத்தில் அவர் மாட்டிக்கொண்ட அதிகாரியின் பெயர் கோதண்டபாணி. வீடு காஞ்சிபுரத்தில்தான், தினமும் ரயிலில் போய்வருகிறவர். கெட்டவர் இல்லை. விதி எங்கே கால் வைக்கச் சொல்கிறதோ அங்கே மட்டும் கால் வைப்பவர். அவர் கேட்ட முதல் கேள்வியைச் சக்கரவர்த்தி என் கடை வாசலில் நடித்தே காட்டினார்.

“பிரசவம் எத்தினி பாத்திருக்கீங்கன்றாரு. சார், அங்க இருந்ததெல்லாம் ஆம்பளைங்கன்னேன். அதுக்கு நாங்க இன்னா பண்றதுன்றாரு.”

பிரசவம் பார்க்காதவர் முழு நர்ஸ் ஆக முடியாது. சரி, நியாயம்தான். ஆனால் பிரசவம் பார்க்கவில்லை என்று வாயால் சொன்னால் அலுவலகம் ஏற்காதாம், அதற்கும் சான்று வேண்டுமாம். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சக்கரவர்த்தி தன் பழைய யூனிட்டுக்கு எழுதினார். பட்டாளமும் பட்டாளம்தானே, முத்திரை குத்திப் பதில் வந்தது. மேற்படி காலத்தில் இந்தப் பிரிவைச் சேர்ந்த எந்தச் சிப்பாய்க்கும் பிரசவம் நிகழவில்லை என்று. நகலெடுக்கும்போது சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “ஓரம் வெட்டுப்படாம போடுமா, சீல் முழுசா தெரியணும்” என்றார்.

அதை அலுவலகம் வாங்கி வைத்துக்கொண்டு, அப்படியானால் பிரசவ அனுபவம் இல்லை என்பது உறுதியாகிறது என்று பதில் போட்டது. முதலாம் ஆண்டிலிருந்து படித்துவிட்டு வாருங்கள் என்றது. படிக்கப் போனால் வயது கடந்துவிட்டது என்றார்கள். போகாத ஊருக்கு வழி சொல்வதற்கென்றே ஒரு அலுவலகம் கட்டி, அதற்கு மின்விசிறியும் மாட்டியிருக்கிறார்கள். அவர் மறுபடி எழுதினார், தனிச் சலுகையாகப் பரிசீலிக்கச் சொல்லி. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருடத்தை ஓட்டினார்.

அவர் மனைவி கனகமாலாவுக்கு இதில் தனி வருத்தம். “எனக்கு ரெண்டு புள்ள பொறந்தப்பவும் லீவு கெடைக்கலன்னு வராதவரு, இப்ப பிரசவம் பாக்கலியேன்னு கெடந்து அல்லாடறாரு. அன்னிக்கே வந்திருந்தா பாத்திருக்கலாமில்ல?” என்று என்னிடம் சொல்லும்போது பாதி சிரிப்பு, பாதி அழுகை.

“பென்ஷன் வருதே, விட்டுத் தொலைங்களேன்” என்று நானும் சொல்லிப் பார்த்தேன். முகம் சுண்டிவிட்டது. “காசுக்கா பண்றேன்? அடிபட்டுக் கெடந்தவனெல்லாம் ‘நர்ஸ் சாப்’னுதான் கூப்ட்டான்மா. என் ஊரு ஒரு தபா அத எழுதித் தரட்டுமே. ஒரே ஒரு வரி” என்றார். அவர் குரல் அப்படித் தழைந்து நான் கேட்டதில்லை.

அந்த வருடம் வைகாசி வெயிலில் கோதண்டபாணியே சோதனைக்கு வந்தார். சக்கரவர்த்தியைப் பல தடவை அலுவலகத்தில் பார்த்தவர்தான். ஆனால் தொப்பிக்குக் கீழே இருக்கும் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. துளசி சிஸ்டர் வெள்ளையில், சக்கரவர்த்தி நீலத்தில். திரும்பிப் போகும்போது அதிகாரிக்கு அந்தச் சல்யூட் மீது ஆசை வந்துவிட்டது.

“எக்ஸ் மிலிட்டரியா? பேஷ். அந்தக் கமாண்டையும் சொல்லி ஒருவாட்டி அடிங்க. என் பேரனுக்குக் காட்டணும்” என்று போனை எடுத்துப் பிடித்தார்.

அதிகாரி சொன்னால் அது உத்தரவு. சக்கரவர்த்தி நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து “சாவ்தான்!” என்றார்.

அவருக்குப் பின்னால் நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சட்டைக் கையை மடித்தார்கள். ஜாக்கெட் போட்டவர்கள் முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினார்கள். ஓரத்திலிருந்த ஒரு பெரியவர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி, வேட்டியைத் தளர்த்தினார். அவருக்கு இடுப்பில் போடும் ஊசி. எல்லாம் பேரனுக்கான வீடியோவில் பதிவாகிவிட்டது.

“ஏன் எல்லாரும் கைய மடிக்கறாங்க?” என்றார் கோதண்டபாணி.

“வெயிலு சார். காத்தாட இருக்கட்டுமேன்னு” என்றார் கிருஷ்ணவேணி.

சுவரைப் பார்த்து நின்ற பெரியவரையும் அதிகாரி பார்த்தார். பிறகு சக்கரவர்த்தியிடம் திரும்பி, “இங்க ஊசி போடறது யாரு?” என்று நேராகக் கேட்டார்.

நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுத் தெருவைக் கடந்திருந்தேன். துளசி சிஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார். ‘சிஸ்டர்தான் சார்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், பரிசீலனை பரிசீலனையாகவே இருக்கும். பாழாய்ப்போன விரதத்தை ஒருநாள் தள்ளி வைத்தால் என்ன? சட்டை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

“நான்தான் சார். ஹவில்தார் சக்கரவர்த்தி, நர்சிங் அசிஸ்டென்ட்!”

“சக்கரவர்த்தியா?” அதிகாரி தொப்பிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். “பிரசவம் ஆகலன்னு சர்டிபிகேட் வாங்கினவரா?”

அடுத்த மாதம் கடிதம் வந்தது. பதிவில்லாமல் பணிபுரிந்ததால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. இனி இவர் எந்த நோயாளியையும் தொடக் கூடாது. கடைசியில் ஒரு வரி: இவரது ராணுவப் பயிற்சியைக் கருத்தில் கொண்டு, காவலராகத் தொடர்வதில் ஆட்சேபணை இல்லை.

சக்கரவர்த்தி அதை என் கடைக்கு எடுத்துவந்து, “ஒரு காப்பி போடுமா” என்றார்.

“இத எதுக்குங்க காப்பி எடுக்கறீங்க? கிழிச்சுப் போடுங்க” என்றேன்.

“‘ராணுவப் பயிற்சியைக் கருத்தில் கொண்டு’ன்னு போட்டுக்குதே, பாத்தியா? கவர்மென்ட்டு அப்பிடி எழுதனது இதான் மொதோ தபா.” சிரிக்கப் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை. நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து முழுநேரமும் நீலச் சட்டைதான். வெள்ளைச் சட்டையைக் கனகமாலா துவைத்துப் பெட்டி போட்டு வைத்திருக்கிறார், எதற்கென்று இருவருக்கும் தெரியாது. உள்ளே இப்போது ஊசி போடுவது துளசி சிஸ்டர். நல்ல கைதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சத்தமில்லாமல் குத்தினால் வலிக்கிறது என்று பெஞ்சு முழுக்க முணுமுணுப்பு. முதலில் வழி கண்டுபிடித்தவர் கிருஷ்ணவேணி. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் உள்ளே போகாமல் கேட்டிலேயே நின்று, “ஒருவாட்டி சொல்லுபா, வாங்கிக்கினு போறேன்” என்றார். சக்கரவர்த்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். கிருஷ்ணவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உள்ளே ஓடி, ஊசி போட்டுக்கொண்டு வந்து, “விஷ்ராம்” வாங்கிய பிறகுதான் மூச்சு விட்டார். இப்போது கேட்டில் தினமும் ஒரு சின்ன வரிசை நிற்கிறது. சொல்லக் கூடாது என்று கடிதத்தில் எங்கும் இல்லை, நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் கோதண்டபாணி மறுபடி வந்தார், உத்தரவு நடக்கிறதா என்று பார்க்க. சக்கரவர்த்தி கேட்டில் இருப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். போகும்போது அவரே கேட்டைச் சாத்தப்போய், துருப்பிடித்த தாழ்ப்பாள் இடது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சக்கரவர்த்தியின் கை முன்னால் நீண்டது. பாதியில் நின்றது. “உள்ள போங்க சார், சிஸ்டர் இருக்காங்க” என்றார்.

நர்சிங் ஹோம் டாக்டரம்மா கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி எழுதிக் கொடுத்தார். ஊசி என்றதும் மனிதர் வெளுத்துப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். “வெறுமன போட்டுக்காத சார், வலிக்கும். கேட்டாண்ட போயி சொல்ல வெச்சிக்கினு வா” என்று பக்கத்தில் இருந்த கிருஷ்ணவேணி யோசனை சொன்னாராம். உள்ளே நடந்தது எனக்குக் கேள்விதான். வெளியே நடந்ததை நானே பார்த்தேன்.

கோதண்டபாணி வாசலுக்கு வந்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். என் கடையையும் பார்த்தார், நான் குனிந்துகொண்டேன். வரிசையில் இருந்த பெரியவருக்குப் பின்னால் போய் நின்றார். அவர் முறை வந்தபோது, வலது சட்டைக் கையைப் பல்லால் இழுத்து மடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினார்.

சக்கரவர்த்தி முதலில் ஒரு சல்யூட் வைத்தார். பிறகு ஓரடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “சாவ்தான்” என்றார்.