பூச்சி ரத்தத்தில் குலம் பார்த்தவர்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் பாபநாசம் என்றொரு பேராசிரியர் இருந்தார். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே எரியும். வேலையில் சேர்ந்த அன்றே என் ஊரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், அதிலும் பிடிபடாமல் எந்தத் தெரு என்றார். எதிரில் இருப்பவரின் குலம் தெரியாமல் அவருக்குக் காப்பி இறங்காது. இப்படிப்பட்டவர் கையில் மைக்ராஸ்கோப்பும் கிடைத்தால் கேட்கவா வேண்டும்!

தொண்ணூறுகளின் நடுவில் பூச்சிகளின் ரத்த அணுக்களைப் பார்த்து இனம் பிரிக்கக் கிளம்பினார். பூச்சி ரத்தம் சிவப்பாக இருக்காது. கால் நுனியை வெட்டினால் தண்ணீர் போல ஒரு சொட்டு வரும். அதைக் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றினால் உருண்டையும் நீளமுமாக அணுக்கள் தெரியும். எந்த வகை அணு எவ்வளவு என்பது இனத்துக்கு இனம் மாறும். பசித்தாலும் மாறும், தோல் உரித்தாலும் மாறும். இந்த இரண்டையும் அவர் வசதியாக மறந்துவிட்டார்.

தச்சநல்லூரில் பிடித்த பருத்திச் சிவப்புப் பூச்சியும் கொற்கையில் பிடித்ததும் பார்வைக்கு ஒன்றேதான். ஆனால் ரத்தம் வேறு மாதிரி இருந்தது. கொற்கைப் பூச்சி புது இனம் என்று முடிவு கட்டி, அதற்குத் தம் அப்பா பெயரையும் வைத்து, டவுண் முழுக்கச் சொல்லிவிட்டார். கட்டுரையை அனுப்புவதுதான் பாக்கி.

அவரிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த யூனிஸ் பயந்துகொண்டே, "கொற்கைப் பூச்சி பஸ்ஸுல பட்டினியா வந்திருக்கு சார். தீனி போட்டுத் திரும்பப் பாப்போம்" என்றாள்.

"ரத்தம் பொய் சொல்லாதும்மா."

அவள் வாதாடவில்லை. தச்சநல்லூர் ஆணையும், அப்போதுதான் இறக்கை முளைத்த, இன்னும் இணை சேராத கொற்கைப் பெண்ணையும் ஒரே பெட்டியில் விட்டாள். முட்டை வந்தது, பொரித்தது. இரண்டும் வேறு வேறு இனம் என்றால் பெரும்பாலும் வம்சம் அதோடு நின்றுவிடும். அந்தக் குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிட்ட பிறகுதான் பெட்டியை அவர் முன் கொண்டுவந்து வைத்தாள். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

பாபநாசத்தின் முகம் கறுத்துவிட்டது. "ஓடிப்போயி ஒண்ணாக் கெடந்தா ரெண்டும் ஒரே இனம் ஆயிருமா?" என்று கத்தினார். பூச்சியைத்தான் சொன்னார். "மொதல்ல பிரிச்சுப் போடு. அதது அதது பெட்டியில கெடக்கட்டும்."

யூனிஸ் ஆணை எடுத்துத் தச்சநல்லூர்ப் பெட்டியிலும் பெண்ணைக் கொற்கைப் பெட்டியிலும் போட்டாள். பிறகு குஞ்சுகள் மட்டும் மிச்சமிருந்த பெட்டியை அவரிடம் நீட்டினாள்.

"இதுகள எங்கன போட சார்?"

கிளாசுக்கு மணி அடித்துவிட்டது என்று அவர் எழுந்து போனார். மணி அடிக்கவே இல்லை.