மெஹர் பானு கேட்ட படம்

உருவப்படம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்பாள் மெஹர் பானு. செஞ்சி பஜாரில் ரவிக்கை தைத்துப் பிழைத்தவள். மகன் நூருல்லாவின் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் மிஞ்சிய படங்களையும் கிழித்துப்போட்டாள்.

இராக்கின் பஸ்ராவுக்குக் கட்டட வேலைக்குப் போனவனை, அந்த ஊர்மேல் குண்டு விழுந்த அன்றிலிருந்து காணவில்லை. தேடிப் பார்ப்பதாகச் சொன்ன தூதரகம் போட்டோ கேட்டது.

"படம் இல்ல சார். மூக்கு அவங்க நைனா மூக்குதான், எழுதிக்குங்க" என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தா விநாயகத்திடம் கெஞ்சினாள். அவரும் எழுதி அனுப்பினார்.

கோடையில் தூதரகம் ஒரு படம் அனுப்பியது.

"அங்க ஆஸ்பத்திரியில எடுத்ததும்மா. இறந்தது உங்க புள்ளதானான்னு பாத்துச் சொல்லணுமாம்" என்றார் விநாயகம்.

கண்கள் மூடியிருந்தன. மூக்கு அதே மூக்கு.

"அவன்தான் சார்."

"படத்தைத் திருப்பி அனுப்பணும்மா."

மெஹர் பானு அதை மாரோடு சேர்த்துக்கொண்டாள்.

"தரமாட்டேன் சார். எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது."