இடக்கைக் கீறல்

டிலோஜினிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் அரிப்பு என்ற ஊரில் பிறந்து, கலியாணம் முடித்து விடத்தல்தீவுக்கு வந்தவள். கணவன் கிறிஸ்ரி கடலுக்குப் போகிறவன். அவள் அருள்நாயகி அக்காவின் கருவாட்டு வாடியில் மீன் கீறுகிறாள். அதே வாடியில் நான் பின்னேரங்களில் கடைகளுக்குக் கடிதம் எழுதுகிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவள் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. அவளைப் பற்றி நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாடி என்பது ஒரு தகரக் கொட்டில், காயப்போடும் தட்டிகள் பன்னிரண்டு, நான்கு பெண்கள். கருவாட்டை லொறிக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போவார். அவர் சொல்வதுதான் விலை. கடைகளுக்கு நேரே எழுதிக் கேட்கலாம் என்று சிறுதொழில் வகுப்பொன்றில் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சனம் இறைச்சியை விடுகிற தவக்காலத்தில்தான் கருவாடு அதிகம் போகும். அதற்கு முன் ஒரு கடையாவது நேரே கேட்டால் தொடர்வது, இல்லாவிட்டால் கடிதங்களை நிறுத்திவிட்டுப் பழையபடி லொறிக்கே கொடுப்பது என்று அக்கா முடிவெடுத்திருந்தார்.

நான் முப்பது கடிதங்கள் எழுதினேன். ‘எமது நிறுவனம் உயர்தரமான கடலுணவு உற்பத்திகளைச் சுகாதாரமான முறையில்’ என்று தொடங்கும். ஆங்கிலத்தில் அது இன்னும் அழகாக இருந்தது. ஒரு கடையும் பதில் போடவில்லை.

ஒருநாள் டிலோஜினி உப்புக் கையோடு வந்து என் தாளைத் தூக்கி வாசித்தாள். ஓரத்தில் ஈர விரல் பதிந்தது.

“மிஸ், நிறுவனம் எண்டு போட்டிருக்கு. ஆர் அது?”

“நாங்கள்தான்.”

“நானுமோ?”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். என்னை அவள் மிஸ் என்று கூப்பிடுவது மரியாதைக்கு அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். நானும் எழுதிப் பார்க்கட்டோ என்று அக்காவிடம் கேட்டு ஒரு தாள் வாங்கிக்கொண்டு போனாள்.

டிலோஜினி இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடித்து எழுத்தை வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். மாமியார் வீட்டில் சோறு போடுவதும் வலக்கையால்தான். கத்தி மட்டும் இடக்கையிலேயே நின்றுவிட்டது. முதுகுப் பக்கம் கீறி விரிக்கும்போது மற்றவர்களுடைய மீனில் நடுமுள் ஒரு பக்கம் நிற்கும், அவளுடையதில் மறுபக்கம் நிற்கும். மற்றவர்கள் இரண்டு மீன் கீறி முடிக்க அவள் மூன்று முடிப்பாள். அதைக் கண்டு எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. மீன் கீறுவது என் வேலை இல்லை.

அடுத்த நாள் தாளைக் கொண்டுவந்து தந்தாள். எழுத்துகள் சின்னப்பிள்ளை எழுதியதுபோல் பெரிதும் சிறிதுமாய்ச் சரிந்து கிடந்தன. இப்படி எழுதியிருந்தாள்:

‘என் பெயர் டிலோஜினி. விடத்தல்தீவில் மீன் கீறுகிறேன். நான் இடக்கை. இத்துடன் வைத்திருக்கும் கட்டா மீன் கருவாட்டில் நடுமுள் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். மற்றக் கருவாட்டில் அப்படி இருக்காது. அப்படி இருந்தால் அது நான் கீறியது. பொரித்துப் பாருங்கள். உப்புக் கூடினால் சொல்லுங்கள், குறைக்கிறேன். மார்கழியில் கேட்காதீர்கள். மழைக்குக் காயாது, நாங்கள் அனுப்பமாட்டோம்.’

ஒருமுறை வாசித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அது நல்ல கடிதம். இரண்டு மொழியில் படித்த எனக்கு அதில் ஒரு வரிகூட வந்திருக்காது. அவள் அதை எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்த் தட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா அதைப் பத்துக் கடைகளுக்கு ரைப் பண்ணித் தரச் சொன்னார். பிழை இருந்தால் திருத்தச் சொன்னார். நான் திருத்தினேன். சாப்பாட்டுச் சாமானோடு இடக்கையை யார் எழுதுவார்கள், வாசிக்கிறவர்கள் அருவருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் இடக்கையால் ஒரு வாழைப்பழத்தைக்கூட நீட்டமாட்டோம். அதனால் அந்தக் காரணம் நியாயமாகவே இருந்தது. இடக்கை போனதும் நடுமுள்ளும் போனது. மழை போனது. பெயரும் போனது. ‘எமது நிறுவனம்’ திரும்பி வந்தது. அக்கா வாசிக்காமலே மடித்தார். டிலோஜினி தன் தாளைத் திருப்பிக் கேட்டாள், கொடுத்தேன். தான் கீறிய கருவாட்டை வைத்துப் பத்துப் பார்சல்களையும் அவளே கட்டி, மேலே அக்காவின் போன் நம்பரை எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து சீவரத்தினம் என்ற கடைக்காரர் அக்காவின் போனுக்கு எடுத்தார். அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பலகையில் வைத்தார்.

“அந்த இடக்கைப் பிள்ளை நிக்குதோ?” என்றார் அவர். “கடையில கிடக்கிற கட்டா முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தனான். உண்மைதான், ஒண்டிலயும் முள்ளு அந்தப் பக்கம் இல்லை. என்ர மனுசியும் வந்து நிண்டு பார்க்குது.”

தவக்காலம் முழுவதும் கிழமைக்கு ஒரு பெட்டி வேண்டும் என்றார். அந்தப் பிள்ளை கீறியதாகவே இருக்கவேண்டும், அவள் பெயரைப் பெட்டியில் எழுதவேண்டும் என்றும் சொன்னார்.

போனை வைத்ததும் அக்கா கேட்டார்: “மற்ற ஒன்பது பேரும் ஏன் பேசேல்லை? அதே கடிதம்தானே போனது?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது கடைக்காரரும் வந்து என்னை மறுக்கப்போவதில்லை. ஆனால் நான் எழுதாத வரிகள் எப்படி வெள்ளவத்தைக்குப் போயின என்று அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. டிலோஜினி கத்தியைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை அக்கா. நான் மாத்திப்போட்டன்,” என்றேன்.

“திருத்தச் சொன்னது நான்தானே,” என்று அக்கா தொடங்கினார்.

“பிழை ஒண்டும் இருக்கேல்லை. நல்லா இருந்தது. அதாலதான் மாத்தினனான்.”

டிலோஜினி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “பார்சல் கட்டேக்க வாசிச்சனான். பத்தும் உங்கட கடிதமாப் போக விட மனம் வரேல்லை. ஒண்டில என்ர தாளை வைச்சிட்டன்.”

அக்கா என்னை ஏசவில்லை. ஒன்பது கடைகளுக்கும் திரும்ப எழுதச் சொன்னார், இந்தமுறை கையால். டிலோஜினி மீன் கீறிக்கொண்டே வரி வரியாகச் சொன்னாள். நான் வாங்குப் பலகையின் ஓரத்தில் இருந்து எழுதினேன். கொட்டாஞ்சேனைக் கடைக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். அதில் இடக்கை இருக்கோ என்று கேட்டாள். எழுதிய இடத்தைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவள்தான் கையெழுத்து வைத்தாள். கையைக் கழுவித் துடைத்து, வலக்கையால் பேனாவைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நேரத்துக்குள் நான் ஒரு முழுக் கடிதம் எழுதியிருப்பேன், நிறுவனம் என்று தொடங்கி. ஒன்பதாவதை அவள் முடிக்கும்வரை காத்திருந்து, தாள்களை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தேன்.