பம்பாய் மெயிலில் வராதவன்

நான் பம்பாயில் இருந்தது மூன்றே மணி நேரம், அதுவும் விமான நிலையத்தில்! ஆறு மாதம் அங்கே பயிற்சியில் இருந்தேன் என்று எங்கள் தெரு இன்றும் நம்புகிறது. அது பொய். அந்த ஆறு மாதமும் நான் மேற்கு ஜெர்மனியில் இருந்தேன். அந்தப் பொய்யால் பெருமாளை ஒன்றரை நாள் பட்டினி போட்டேன்.

நீங்கள் சிரிக்கலாம். பெருமாளுக்குப் பசிக்குமா என்று கேட்கலாம். என் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும்! திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் முப்பது வருடம் தளிகை செய்தவர். பொங்கல் ஐந்து நிமிடம் தாமதமானால் அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழும்பிய ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். புது இயந்திரத்தைப் பழகிவர என் ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். கடல் தாண்டியவன் தொட்ட தண்ணீர்கூட மடப்பள்ளிக்குள் நுழையக்கூடாது என்பவர் அப்பா. ஆகவே பம்பாய் என்றேன்.

"பம்பாய்தானேடா? சமுத்திரம் தாண்டலியே?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

"இல்லேப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் மனம் நோகக்கூடாது என்றா? இல்லை... தடுத்துவிடுவாரே என்றுதான். எனக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்!

என்னோடு படித்த கடம்பத்தூர் முனுசாமி பம்பாயில் மில் வேலையில் இருந்தான். நான் அனுப்பும் கடிதங்களை அங்கிருந்து தபாலில் சேர்க்க ஒப்புக்கொண்டான். லீவில் வந்திருந்தபோது, "நீ பேஜாராவாத, நிம்மதியா போய்க்கினு வா. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். வீட்டிலிருந்து எது வந்தாலும் என் பெயரில் உடனே பதில் போட்டுவிடச் சொன்னேன். சொன்னது நான்தான். அவனைக் குறை சொல்லாதீர்கள்.

ஜெர்மனியில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என் பெயரை நானே உரக்கக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ரொட்டியும் உருளைக்கிழங்குமாக நாக்கு செத்துப்போயிற்று. முதன்முதலாகப் பனி விழுந்த அன்று அம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன்... 'இங்கே நல்ல மழை' என்று எழுதினேன்! கண்ணால் பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை எனக்கு. அழுதேன்.

ஆனால் ஒரு நாள்... அதையும் சொல்லிவிடுகிறேன். பனி கரைந்திருந்தது. ஆற்றில் படகேறி, குன்றின் மேலிருந்த பழைய கோட்டைக்குத் தனியாகப் போனேன். இரண்டு முறை வழி தவறி, நானே கண்டுபிடித்து ஏறினேன். நீ யாருடைய பிள்ளை என்று எவரும் கேட்கவில்லை. மதில்மேல் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

அன்று காலையில்தான் அப்பா இறந்துபோயிருந்தார். பிற்பாடு தேதியை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தந்தி பம்பாய்க்குப் போயிற்று. பதறிப்போன முனுசாமி, நான் சொல்லிவைத்தபடியே, 'புறப்பட்டுவிட்டேன்' என்று என் பெயரில் பதில் தந்தி கொடுத்துவிட்டான்.

எங்கள் தெருவில் சடலம் கிடந்தால் கோயிலில் பூஜை கிடையாது, தளிகை கிடையாது. எடுத்த பிறகுதான் நடை திறக்கும். அதனால் சில மணி நேரத்தில் எடுத்துவிடுவதே வழக்கம். ஒரே பிள்ளை வருகிறானே என்று அப்பாவைக் கிடத்தி வைத்தார்கள். சித்தப்பா அரக்கோணம் போய் பம்பாய் மெயிலுக்குக் காத்து நின்றார். மடப்பள்ளி அடுப்பு எரியவில்லை. ஒரு வேளை தவறாமல் பெருமாளுக்குப் படைத்தவர், தம் உடம்பாலேயே அவரைப் பட்டினி போட்டுக்கொண்டு கிடந்தார்... என்னால்!

மெயில் வந்தது, நான் வரவில்லை. அம்மாதான், "போதும், பெருமாள் காத்துண்டிருக்கார். எடுத்துடுங்கோ" என்றாளாம். சித்தப்பா கொள்ளி வைத்தார்.

முனுசாமியின் கடிதம் என் கைக்கு வந்தபோது பதின்மூன்றாம் நாளும் கடந்திருந்தது. வழியில் எனக்கு டைபாய்டு கண்டு, சோலாப்பூரில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக எங்கள் வீட்டுக்கு அவன் எழுதியிருந்தான். நான் உடனே கிளம்பினேனா? இல்லை! மிச்சமிருந்த மூன்று வாரத்தையும் முடித்துக்கொண்டுதான் வந்தேன்.

வாசலில் நுழைந்ததும் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யாருமில்லாம ஆஸ்பத்திரியில கிடந்தியேடா... அது தெரியாம நான் அவசரப்பட்டு எடுக்கச் சொல்லிட்டேன். அப்பா முகத்தை நீ பார்க்கவிடாமப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுடா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வாய் வரை வந்தது...

"பரவால்லேம்மா" என்றேன்.

அம்மா இருந்தவரை, ஒவ்வொரு வருடமும் அப்பாவின் திதியன்று இதையே கேட்டாள். ஒவ்வொரு வருடமும் நான் அவளை மன்னித்தேன்.