பர்மா பட்டில் ஒரு நைட்டி

மாயா ராயபுரத்தில் ஒரு நைட்டிக் கம்பெனியில் டிசைன் போடுகிறாள். கம்ப்யூட்டரில் பூவை இழுத்து, கொடியை வெட்டி, ஒட்டு தெரியாமல் சேர்ப்பது அவள் வேலை. ஒட்டு தெரிந்தால் முதலாளி பெனிட்டோ விடமாட்டார். தூத்துக்குடிக்காரர், பரம்பரைத் துணி வியாபாரி. பூப் போட்டதெல்லாம் சலித்துவிட்டது, பழைய காலத்துத் துணி எதிலிருந்தாவது புதுசாக ஒன்று கொண்டுவா என்று போன தை மாதம் அவர்தான் கேட்டார்.

பழைய துணியைத் தேடி மாயா எங்கும் அலையவில்லை. வியாசர்பாடியில் அவள் புகுந்த வீட்டுப் பெட்டியிலேயே ஒரு பட்டு லுங்கி இருந்தது. மாமியார் சொக்கம்மாளின் குடும்பம் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்தது. அரக்கு நிறத்தில் மஞ்சள் அலைகள், அலைக்குள் அலை. வருஷத்துக்கு ஒருமுறை மொட்டைமாடியில் காயப்போடுவார்கள். அப்படிக் காய்ந்தபோது மாயா போனில் படம் எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றவில்லை, பாவம்.

அரக்குக்குப் பதில் லாவண்டர், மஞ்சளுக்குப் பிஸ்தா பச்சை. பெனிட்டோவுக்கு வாயெல்லாம் பல்.

மாதிரித் துண்டை ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோதுதான் அவள் கணவன் செங்குட்டுவனின் முகம் வெளுத்தது. அந்த வீட்டில் யார் இறந்தாலும் அந்த லுங்கியைத்தான் போர்த்துவார்கள். பாடையில் ஏற்றும்போது எடுத்து, அலசி, திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அவனுடைய அப்பாவும் அதன் கீழேதான் கிடந்தார். மாயா வந்தபிறகு வீட்டில் சாவு விழவில்லை. வாழ வந்தவளிடம் போய் இதை யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? அப்பாவைப் போர்த்தியதே தன்னையும் போர்த்த வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை என்றான்.

"அம்மா கண்ணுல மட்டும் படாம பாத்துக்க மாயா. தாங்காது."

மறுநாள் மாயா பெனிட்டோ முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை, முழுதும் கேட்டார், உச்சுக்கொட்டினார். ஆனால் துணி அச்சுக்குப் போயாகிவிட்டது, கடைக்காரர்களிடம் ஆர்டரும் வாங்கியாகிவிட்டது. நிறம்தான் மாறிவிட்டதே, யாருக்கம்மா தெரியப்போகிறது என்றார்.

சித்திரைக்குள் குழாயடியில், ரேஷன் கடையில், மீன் வண்டியைச் சுற்றி, எங்கே பார்த்தாலும் அந்த அலை போட்ட நைட்டிதான். அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வியாசர்பாடிப் பெண்கள் பாதிப் பேர் தெருவில் நடந்தார்கள். சொக்கம்மாளுக்குக் கண்ணில் புரை, எல்லாம் மங்கல். அதுதான் மாயாவுக்கு ஒரே தெம்பு. ஆஸ்பத்திரியில் அறுவைக்கு நாள் குறித்தபோது சளி, காய்ச்சல் என்று ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டாள். ஒரு மருமகள் செய்கிற காரியமா அது? அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் செய்தாள். கடைசியில் டாக்டர் கோபித்துக்கொள்ள, செங்குட்டுவனே அழைத்துப்போய்விட்டான்.

கட்டுப் பிரித்து வந்த அன்று சொக்கம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து லுங்கியை எடுத்துப் பார்த்துவிட்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

"நீ போட்டதா மாயா, இது?"

மாயா அழுதுவிட்டாள்.

"அழுவாத. நல்லாத்தான் கீது. ஆனா நா பூட்டா எம்மேல இத்த போடாதீங்க. கடையில ஒரு வெள்ளத் துணி வாங்கிப் போடுங்க, போதும்."

அது பட்டு அத்தே, இது வெறும் காட்டன், நிறம்கூட வேறே என்று மாயா தடுமாறினாள்.

"எனுக்குத் தெர்யும்மா. மேல கீற உம் மாமனாருக்குத் தெர்யுமா? அந்தத் துணியப் பாத்துத்தான் அந்தாளு என்னக் கண்டுக்குவாருன்னு இருந்தேன். இத்தினி பொம்பளைங்க அதையே போட்டுகினு போனா, எவ எம் பொண்டாட்டின்னு எப்டித் தேடுவாரு?"